சட்டம் டிசெம்பரில்தான் தொடங்குகிறது

தம்பி, ஒரு விடுகதை போடுகிறேன், விடை சொல்லுங்கள். அதற்கு நாலு கால். டிசெம்பர் பிறந்தால் நாலுக்கும் சப்பாத்து மாற்றவேண்டும். மார்ச் மாதம் பாதி போகும்வரை கழற்றக்கூடாது. மாற்றாவிட்டால் பொலிஸ் மறிக்கும். ஆனால் அதன் கூடப்பிறந்தது பக்கத்து மாகாணத்தில் இருந்தால், அது பழைய சப்பாத்தோடு இங்கே வந்து நின்றாலும் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அது என்ன?

யோசியுங்கள். அவசரம் இல்லை. உங்கள் கார் இப்போதுதான் மேலே ஏறியிருக்கிறது. இறங்குவதற்கு இன்னும் நேரம் செல்லும்.

மாடா? மாட்டுக்கு லாடம் அடிப்பார்கள், சரிதான். ஆனால் மொன்றியல் நகரத்தில் மாட்டுக்கு எங்கே போவது?

கார், தம்பி. கியூபெக் நம்பர் தகடு போட்ட கார். நீங்களும் நானும் இந்த ரயர் கடையில், இந்த ஆடுகிற கதிரைகளில், இந்தத் தண்ணீர்க் கோப்பியைப் பிடித்துக்கொண்டு இருப்பதற்குக் காரணமே அதுதான். உங்களுக்கு இது முதல் கார், முதல் குளிர்காலம் என்றீர்கள். அதனால் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். நான் இருபது வருடமாக கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். பெயர் பேரின்பநாயகம். ஆனால் இந்தப் பக்கம் மாஸ்டர் என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். நீங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் என்றீர்கள், என் யாழ்ப்பாணத் தமிழ் விளங்குகிறதுதானே? நல்லது.

சட்டம் இதுதான். டிசெம்பர் முதலாம் திகதியிலிருந்து மார்ச் பதினைந்தாம் திகதி வரை, இந்த மாகாணத்தில் பதிவு செய்த கார் குளிர்கால ரயரோடுதான் ஓடவேண்டும். நாலு சில்லிலும், அதுதான் நாலு சக்கரத்திலும், இருக்கவேண்டும். முன்னுக்கு இரண்டு மட்டும் போட்டுவிட்டு வருகிற ஆட்கள் இருக்கிறார்கள், அது செல்லாது. ரயரின் பக்கத்தில் ஒரு சின்ன மலைப்படம் இருக்கும், மலைக்குள்ளே ஒரு பனிப்பூ. அந்தப் படம் இருந்தால்தான் அது குளிர்கால ரயர். டிக்கிக்குள் கிடக்கிற உதிரி ரயருக்கு விலக்கு உண்டு. முன்பு டிசெம்பர் பதினைந்து என்றிருந்தது, பிறகு இரண்டு கிழமை, உங்கள் கணக்கில் இரண்டு வாரம், முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். என் மகள் ஆரபிக்கும் மனப்பாடம். அவளுக்கு ஒன்பது வயதிலேயே மனப்பாடம்.

ஒரு நிமிடம். கவுண்டரில் நிற்கிற பெண் பிள்ளை என்னைத்தான் கூப்பிடுகிறாள். நத்தலி, இந்தத் தொப்பிக்காரர் அவசரத்தில் நிற்கிறார் போல. அவர் முதலில் போகட்டும், நான் இருக்கிறேன்.

ஏன் விட்டுக்கொடுத்தேன் என்று பார்க்கிறீர்களா? இன்றைக்கு என்ன கிழமை? செவ்வாய். நேரம் மூன்றேகால். செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரை வரை என்ன? ஆ, உங்களுக்கும் தெரிந்திருக்கிறது. ராகு காலம். என் மனைவி வதனி வேண்டுமென்றே இந்த நேரத்தைப் பிடித்திருக்கிறாள். அதுவும் ஒக்டோபர் பாதியில். சட்டம் தொடங்க இன்னும் ஆறு கிழமைக்கு மேல் இருக்கிறது. வெளியே பாருங்கள், மரத்தில் இலையெல்லாம் அப்படியே இருக்கிறது. இருந்தாலும் காரைக் கொண்டுவந்துவிட்டேன். வீட்டில் சமாதானம் முக்கியம்.

எனக்கு இந்த நம்பிக்கைகள் ஒன்றும் கிடையாது, தம்பி. நான் சட்டத்தைப் பார்த்து நடக்கிறவன். ஆனால் ஒரு நாளில் இத்தனை நல்ல நேரம் இருக்கும்போது, தேடிப்போய்க் கெட்ட நேரத்தில் ஏன் ஒரு சில்லைப் பூட்டவேண்டும்? அவ்வளவுதான் நான் கேட்பது. இது என் சட்டைப்பையில் இருப்பதா? தேசிக்காய். நீங்கள் எலுமிச்சை என்பீர்கள். நாலு சில்லுக்கும் நாலு. அது நம்பிக்கை இல்லை, வழக்கம்.

போன வருடம் நடந்ததைச் சொல்கிறேன். நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

போன வருடம் நான் ஒக்டோபரிலேயே இதே கடைக்குப் போன் எடுத்துவிட்டேன். பிந்தினேன் என்று ஒருவரும் சொல்லமுடியாது. இதே நத்தலிதான் எடுத்தாள். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வாருங்கள் என்றாள். வெள்ளி பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். எனக்கு வசதி இல்லை என்றேன். சனி ஒன்பதரை? அதுவும் ராகு காலம். வசதி இல்லை. செவ்வாய் மூன்றரை? வசதி இல்லை. புதன் பன்னிரண்டரை? இல்லை. அந்தப் பிள்ளை பொறுமையானவள். ஆட்களை மெசியே, ஐயா என்றுதான் கூப்பிடுவாள். "மெசியே, உங்களுக்கு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நேரத்தில் ஏதோ சந்திப்பு இருக்கிறது போல" என்றாள். ஆம் என்றேன். யாரோடு என்றாள். நான் பொய் சொல்கிறவன் இல்லை. ராகுவோடு என்றேன். "அப்படியென்றால் மெசியே ராகுவை வேறு நேரத்துக்கு வரச் சொல்லமுடியாதா?" என்று கேட்டாள். அவர் அப்படி மாற்றுகிற ஆள் இல்லை என்றேன்.

கடைசியில் நவம்பர் இருபத்தெட்டு, வியாழக்கிழமை, காலை பத்து மணி கிடைத்தது. அருமையான நேரம். சட்டம் டிசெம்பர் முதலாம் திகதி. அதற்கு முன்னாலேயே என் காரில் ரயர் ஏறிவிடும். இதில் எங்கே பிழை? சொல்லுங்கள்.

பனிதான் பிழை செய்தது. நவம்பர் பதினைந்து, வெள்ளிக்கிழமை பின்னேரம், கொட்டத் தொடங்கியது. அந்த வருடத்தின் முதல் பனி. அதே பின்னேரம் வதனியின் தம்பி நிமலன் ரொறன்ரோவிலிருந்து வந்து இறங்கினான். ஞாயிற்றுக்கிழமை ஒரு பிறந்தநாள் விழா, அதற்காக வந்தவன்.

நிமலனைப் பற்றிச் சொல்லவேண்டும். நல்ல பெடியன், மனசில் ஒன்றும் இல்லை. ஆனால் ஓட்டத்தில், தம்பி, மஞ்சள் விளக்கைக் கண்டால் வேகத்தைக் கூட்டுகிற ரகம். ஒற்றைக் கையால் ஓட்டுவான், மற்றக் கையில் வடை இருக்கும். சிக்னல் போடுவது தனக்கு மரியாதைக் குறைவு என்று நினைப்பான். இரண்டு தடவை வேகத்துக்காகப் பிடிபட்டவன். நான் பிடிபட்டதே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கேளுங்கள்.

வாசலில் பனியைத் தட்டிக்கொண்டே கேட்கிறான்: "அத்தான், உங்கடை காருக்கு இன்னும் ரயர் மாத்தேல்லையே?"

"இருபத்தெட்டாம் திகதி மாத்திறன்."

"இண்டைக்குப் பதினைஞ்செல்லோ."

"சட்டம் டிசெம்பரிலைதான் தொடங்குது."

"பனி இண்டைக்கே தொடங்கிட்டுதே அத்தான்."

"பனிக்கு நான் பொறுப்பில்லை" என்றேன். அவன் சோற்றுக்கு என்ன கறி என்று தமக்கையிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

அடுத்த நாள் சனிக்கிழமை காலை ஆரபிக்கு ஐஸ் ஹொக்கி. எங்கள் ஆட்களில் பெண் பிள்ளையை ஹொக்கிக்கு விடுகிறவர்கள் குறைவு. அவள்தான் கேட்டாள், நான்தான் விட்டேன். அவள் கோல் காப்பவள். அந்தப் பிள்ளைகளின் அணியில் கோல் காக்க வேறு ஆள் கிடையாது. இவள் போகாவிட்டால் ஆட்டம் இல்லை. அன்று அவளுடைய முதல் ஆட்டம், உண்மையான ஆட்டம். மைதானம் நகரத்துக்கு வடக்கே, மெற்றோ போகாத இடத்தில். ஒன்பது மணிக்கு அங்கே நிற்கவேண்டும்.

பயிற்சிக்கெல்லாம் நான்தான் அவளைக் கொண்டுபோனேன், ஒரு நாள் தவறாமல். பின்சீற்றில் இருந்துகொண்டு வீதிப் பலகைகளை வாசித்துக்கொண்டு வருவாள். "அப்பா, முன்னுக்குப் போறவர் சிக்னல் போடேல்லை." "அப்பா, அந்த லொறி கோட்டிலை நிக்குது." வகுப்பில் எல்லாருக்கும், தன் அப்பாதான் மொன்றியலிலேயே நல்ல ஓட்டக்காரர் என்று சொல்லி வைத்திருக்கிறாள். ஆசிரியை எனக்குச் சொன்னது, நான் கேட்டு வாங்கவில்லை. அவளுடைய முதல் ஆட்டத்துக்கு நான் என் காரில் அவளைக் கொண்டுபோய் இறக்கவேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அது பெரிய ஆசையா?

பொறுங்கள், திரும்பவும் கூப்பிடுகிறாள். நத்தலி, இந்த அம்மா நாய்க்குட்டியோடு வந்திருக்கிறார், பாவம், அது நடுங்குகிறது. அவர் போகட்டும். எனக்கு ஒரு அவசரமும் இல்லை.

எங்கே விட்டேன்? சனிக்கிழமை காலை. எழும்பிப் பார்க்கிறேன், தெரு முழுக்க வெள்ளை. எங்கள் தெரு ஒரு மலைச்சரிவில் இருக்கிறது. மேலேயிருந்து கீழே ஒரே இறக்கம். பனி வழிக்கிற வண்டி இன்னும் வரவில்லை. நிமலன் எனக்கு முன்னமே எழும்பித் தன் காரைத் துடைத்து, ஓடவிட்டு, சூடாக்கி வைத்திருக்கிறான். மற்ற நாளில் பத்து மணிக்கு எழும்புகிறவன்.

நான் நேரே போய் அவனுடைய சில்லுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தேன். போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன்.

"என்ன அத்தான் தேடுறியள்? ஏதும் விழுந்திட்டுதே?"

"மலைப்படம்."

"இருக்கு, இருக்கு. நாலிலையும் இருக்கு."

அவன் வாயால் சொன்னால் காணுமா? நான் நாலையும் பார்த்தேன். நாலிலும் இருந்தது. மலையும் இருந்தது, பனிப்பூவும் இருந்தது.

"எப்ப போட்டனி?"

"போன மாசமே போட்டிட்டன்."

"ஏன் போட்டனி? ஒன்ராறியோவிலை அப்பிடிச் சட்டம் இல்லையே."

"இல்லைத்தான்."

"வெளி மாகாணத்துக் காருக்கு இஞ்சையும் அந்தச் சட்டம் இல்லை. நீ ஜனவரியிலை கோடை ரயரோடை வந்தாலும் பொலிஸ் அதுக்காக மறிக்காது."

"அது எனக்குத் தெரியாது அத்தான்."

"அப்ப ஏன் போட்டனி?"

"பயமா இருந்தது" என்றான்.

பாருங்கள் தம்பி. நெடுஞ்சாலையில் லொறியை உரசிக்கொண்டு வடையோடு ஓடுகிறவன், பயமாம். சட்டமும் தெரியாது, திகதியும் தெரியாது, ஒரு சட்டமும் கேட்காத ரயரை ஒரு மாதம் முன்னாலேயே போட்டுக்கொண்டு வந்து நிற்கிறான். சட்டப்படி ஒரு புள்ளி பிசகாமல் நடக்கிற நான் அவனுக்கு முன்னால் முழங்காலில் இருக்கிறேன். இதைத்தான் நியாயமா என்று கேட்கிறேன்.

வதனி வாசலுக்கு வந்தாள். "இஞ்சேருங்கோ, அவன் கூட்டிக்கொண்டு போகட்டும். நீங்களும் அதிலையே ஏறிப் போங்கோ. ஆருக்கு என்ன நட்டம்?"

நட்டம் என்னவென்று அவளுக்கு விளங்காது. ஒரு ஓட்ட மாஸ்டர், ஒன்ராறியோ தகட்டுக் காரில், பக்கத்துச் சீற்றில் கைகட்டி இருந்துகொண்டு போய் இறங்கினால், அங்கே நிற்கிற தாய் தகப்பன்மார் என்ன நினைப்பார்கள்? அதில் இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள்.

"நான் ஒருக்கால் காட்டுறன்" என்றேன். "கீழ்ச் சந்திமட்டும் போட்டு வாறன். பாத்திட்டுக் கதையுங்கோ."

எல்லாரும் நடைபாதையில் வந்து நின்றார்கள். ஆரபி ஹொக்கித் தலைக்கவசத்தைப் போட்டபடியே நின்றாள். அதைப் போட்டால் கழற்றமாட்டாள். மேல்மாடி பல்கனியில் செல்வமலர் அக்கா தேத்தண்ணீரோடு வந்து நின்றார். என்னிடம் படித்து இரண்டு தடவை ஃபெயில் விட்டவர். அவர் வந்து நின்றதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். பெல்ட். கண்ணாடி. சிக்னல். மெல்ல எடுத்தேன், ஒரு கிழவர் நடக்கிற வேகம்கூட இல்லை. என் பிள்ளைகளுக்கு, அதுதான் என் மாணவர்களுக்கு, வகுப்பில் சொல்வேன்: குளிர் ஏழு பாகைக்குக் கீழே போனால் சாதாரண ரயரின் ரப்பர் இறுகிவிடும், பிடி இருக்காது. ஆனால் அது ஆலோசனை, சட்டம் இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

கார் சறுக்கவில்லை, தம்பி. எல்லாரும் சறுக்கியது என்றுதான் சொல்கிறார்கள். நான் உள்ளே இருந்தவன், எனக்குத் தெரியும். அது மெல்ல, மிக மெல்லத் திரும்பியது. மணவறையைச் சுற்றி வருகிற பொம்பிளை மாதிரி, ஒரு அவசரமும் இல்லாமல். நான் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பவேண்டுமோ அந்தப் பக்கம்தான் திருப்பினேன். பிரேக்கைத் தொடவே இல்லை. கார் அரை வட்டம் அடித்து, வந்த மலையையே பார்த்துக்கொண்டு, பின்பக்கமாகக் கொஞ்சம் இறங்கி, பக்கத்து வீட்டுக்காரரின் நீலக் குப்பைத் தொட்டியில் சாய்ந்து நின்றது. தொட்டி விழுந்தது. காருக்கு ஒன்றும் இல்லை.

அந்தத் தொட்டியைச் சனிக்கிழமை வெளியே வைக்கவே கூடாது. அதற்கு வேறு நாள். அவர்மேல் முறைப்பாடு கொடுத்திருக்கலாம், நான் விட்டுவிட்டேன்.

மேலேயிருந்து செல்வமலர் அக்கா: "மாஸ்டர், பனியிலை பிரேக் போடக்கூடாதெண்டு என்னைப் பேசுவியள், இப்ப நீங்களும் போட்டியளே."

"நான் போடேல்லை அக்கா."

"பின்னுக்குச் சிவப்பு எரிஞ்சதே."

வெயில் பட்டால் அப்படித் தெரியும் என்றேன். அன்று வெயில் இல்லை, அது வேறு விஷயம்.

நிமலன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஓடிவந்து, "அத்தான், ஒண்டும் ஆகேல்லைத்தானே?" என்று கேட்டான். ஆரபியும் கீழே வந்தாள். தொட்டியை நிமிர்த்தி வைத்தாள். வெளியே விழுந்த போத்தல்களைப் பொறுக்கித் திரும்ப உள்ளே போட்டாள். நல்ல பழக்கம், நான் பழக்கியது.

வதனி நேரத்தைக் காட்டினாள். எட்டு மணி தாண்டிவிட்டது. "இனிக் கதை காணும், நிமலன், நீ பிள்ளையை ஏத்து" என்றாள்.

நான் விடவில்லை. கண்ணாடியை இறக்கிச் சொன்னேன்: "ஆரும் அவளுக்கு ஒண்டும் சொல்லக்கூடாது. வற்புறுத்தக்கூடாது. விளையாடப் போறது அவள். எந்தக் காரிலை போறதெண்டு அவளே சொல்லட்டும்." எனக்கு அவளில் அவ்வளவு நம்பிக்கை. சட்டம் தெரிந்த பிள்ளை.

முதலில் விஷயத்தைச் சரியாக அவளுக்கு முன்னால் வைக்கவேண்டும் அல்லவா? கேட்டேன்.

"ஆரபி, கியூபெக் சட்டப்படி அப்பாவின்ரை கார் இண்டைக்கு ஓடலாமோ?"

"ஓடலாம் அப்பா. சட்டம் டிசெம்பரிலைதான் தொடங்குது."

"மாமாவின்ரை காருக்கு அந்த ரயர் போடத்தான் வேணுமோ?"

"இல்லை. அது வேற மாகாணத்துக் கார்."

"அப்ப பிழையான கார் எது?"

"ரெண்டும் பிழையில்லை அப்பா."

கேட்டீர்களா? ஒன்பது வயதுப் பிள்ளை. ஒரு சொல் பிசகவில்லை. நீதவான்கூட இப்படி நேர்த்தியாகச் சொல்லமாட்டார். நான் வதனியைப் பார்த்தேன், நிமலனைப் பார்த்தேன், மேலே செல்வமலர் அக்காவையும் பார்த்தேன். எல்லாரும் கேட்டதுதான்.

"அப்ப நீ எந்தக் காரிலை வாறாய்?" என்றேன்.

அவளுடைய தலைக்கவசத்துக்குள்ளே முகம் தெரியவில்லை. நேரே என் காரை நோக்கி வந்தாள். நான் உள்ளே இருந்தபடியே கையை நீட்டிப் பின்கதவைத் திறந்துவிட்டேன்.

அவள் கதவைத் தாண்டிப் போய் டிக்கியைத் திறந்தாள். ஹொக்கிப் பை அதற்குள் இருந்தது. அவளைவிடப் பெரிய பை. அதைப் பனியில் இழுத்துக்கொண்டு போய் மாமாவின் காரில் ஏற்றினாள். திரும்பி வந்து மட்டையையும் எடுத்துக்கொண்டு போனாள். அந்தக் காரின் பின்சீற்றில் ஏறிப் பெல்ட்டைப் போட்டாள்.